ஐந்து வாட் பெட்டியில் வந்தவர்கள்

தனிஸ்லாஸின் கிடார் வழியாகத் தூர தேசத்து ஆட்களின் சத்தம் வர ஆரம்பித்தது ஒரு கல்யாண வரவேற்பில், பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடி பத்தாமல் போய்ப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் முறைத்துக்கொண்டிருந்த மத்தியான நேரத்தில் என்பதால், முத்தந்துறையில் யாரும் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டின் நடுவில் பாடகர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் தனிஸ்லாஸ் காலடியிலிருந்த பெடல் டப்பாவை அமுக்கி, மூன்றாம் கம்பியைச் சுண்டி, விரலை எடுக்காமல் இழுத்துப் பிடித்தான். நாற்காலியில் வைத்திருந்த ஆம்ப் என்ற சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து கிடார் சத்தம் வருவதற்குப் பதிலாக இரும்பில் சுத்தியல் தட்டும் சத்தம் டக் டக்கென்று வந்தது, அதன் பின்னால் அலை மோதும் சத்தம் வந்தது, அதற்கும் பின்னால் ஓர் ஆண்குரல் நெஞ்சைப் பிளப்பதுபோல் இருமியது. நாலாவது வரிசையில் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த மெட்டில்டா அக்கா, மறைக்கல்வி வகுப்பில் பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாளே, அப்படி எச்சில் கையை உயரே தூக்கி, "எங்க வீட்டு அவிய!" என்றாள். அவள் புருஷன் சரக்குக் கப்பலில் துருத் தட்டுகிறவர், அன்றைக்குக் கப்பல் பிரேசில் பக்கம் நின்றது. கம்பி ஓய்ந்ததும் இருமலும் ஓய்ந்தது, பாடகர்கள் அடுத்த சரணத்தை எடுத்தார்கள், பச்சடியும் வந்து சேர்ந்தது.

சாயங்காலம் மெட்டில்டா அக்கா கப்பலுக்குப் போன் போட்டு, "இருமலுக்கு மருந்து குடிச்சியளா?" என்று கேட்டதற்கு, அவர் வழக்கம்போல "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றிருக்கிறார். "பொய் சொல்லாதிய, மூணு மணிக்கு இருமினியள்ல" என்று இவள் சொன்னதும், "ஒனக்கு யாரு சொன்னா?" என்றாராம்.

போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேட்பார்கள். போனில் மனிதர்கள் தாங்கள் காட்ட நினைப்பதைத்தான் காட்டுவார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் கப்பலிலோ வளைகுடாவிலோ இருக்கிறார், அத்தனை பேரும் போனில் நன்றாகத்தான் இருக்கிறார்கள். கிடாரில் வந்ததோ அவர்கள் சொல்லாமல் விட்டதெல்லாம்: தோஹாவில் ஒருவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தனக்குத்தானே பேசுவது, மஸ்கட்டில் ஒருத்தி மாடிப்படி ஏறி மூச்சு வாங்குவது, ஏதோ ஒரு கடலில் ஒரு பையன் தூக்கத்தில் அம்மா என்று முனகுவது. அந்தப் பையனின் அம்மா கையைத் தூக்கிக்கொண்டே அழுதாள். அவளைப் பார்த்து நாங்களும் அழுதோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் ஊர் இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூட வேண்டும், மின்விசிறிகளை அணைத்துவிட வேண்டும், கைக்குழந்தைக்காரிகள் வாசலோரம் உட்கார வேண்டும். ஒருநாள் ஒரு குறட்டைக்கு இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடி, கூந்தலைப் பிடிக்கும்வரை போய்விட்டதால், பங்குச் சாமியார் இரண்டு கட்டளைகள் போட்டார். சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கை தூக்க வேண்டும், நின்றபிறகு தூக்கினால் செல்லாது. தூக்கிய கையைச் சத்தம் முடியும்வரை இறக்கக் கூடாது, கை வலித்து இறக்குகிறவள் உரியவள் இல்லை. அதே குறட்டை அடுத்த முறை வந்து, தனிஸ்லாஸ் கம்பியைத் திரும்பத் திரும்பச் சுண்டிக்கொடுத்தபோது, குறட்டைக்காரனின் சொந்தப் பெண்டாட்டி கால் மணி நேரம் தூக்கி வைத்திருந்தாள், மற்றவள் பாதியில் தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கை தூக்க ஆளில்லாத சத்தமும் ஒன்று வந்ததுண்டு. யாரோ ஓர் ஆண், சைக்கிள் துடைத்துக்கொண்டே சீட்டி அடித்தான். மூன்று ஞாயிறு தொடர்ந்து வந்தான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோமே தவிர யாரும் தூக்கவில்லை. நாலாவது ஞாயிறு சீட்டி வரவில்லை, அதற்குப் பிறகு வரவே இல்லை; கை தூக்க ஆளில்லாத சத்தம் அதற்குமேல் வராது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவன் கடற்கரைத் தெருவில் இருந்த ஒரு குடும்பத்தின் கடைசிப் பையன் என்றும், அந்தக் குடும்பத்தில் இப்போது ஒருவரும் மிச்சமில்லை என்றும் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அன்றைக்கு யாராவது தூக்கியிருக்கலாமே என்று எல்லோருக்கும் இருந்தது, ஆனால் பொய்யாகத் தூக்குவதும் முடியாத காரியம். இப்படி ஒருவனை ஊரே கைவிட்டுவிட்டோமே என்று சாமியார் அந்த வாரம் பிரசங்கத்தில் சொன்னார். அதற்குப் பிறகு எந்தச் சத்தம் வந்தாலும் யாராவது தூக்கும்வரை நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

இதற்கெல்லாம் காரணமான பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எர்ணாகுளத்தில் வாங்கிய ஐந்து வாட் வால்வு ஆம்ப். பழைய ரேடியோக்களில் இருக்குமே, சிவந்து எரியும் கண்ணாடிக் குழல், அதில் மூன்று உள்ளே உண்டு. டிவிஎஸ்ஸில் முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு போகலாம். எங்கள் மெல்லிசைக் குழுவின் டிரம்ஸ்காரன் சூசைமரியான் அதைப் பார்த்த முதல் நாளே, "என்னல இது, சோத்துப் பெட்டியா? நான் ஒரு அடி அடிச்சா இது செத்துப்போவும்" என்றான். தனிஸ்லாஸ் அதை ஒரு நாற்காலியில் தூக்கிவைத்து, முன்னால் ஒரு மைக்கை நிறுத்தினான்.

அவன் சின்னப் பெட்டிக்கு வந்ததற்குக் காரணம் ஜெசிந்தா. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை, ஆனாலும் ஊருக்கே தெரியும். ஜெசிந்தா எங்கள் குழுவின் பாடகி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் மாதா திருவிழாக் கச்சேரியில் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தனிஸ்லாஸிடம் அப்போது பீரோ அளவுக்கு ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப் இருந்தது. கிடார்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு, ஆம்பைத் தரையில் வைப்பார்கள். சத்தம் அவர்கள் கெண்டைக்காலை உரசிக்கொண்டு போய்விடும், அவர்கள் காதுக்கு ஏறாது, கேட்கவில்லையே என்று இன்னும் கூட்டுவார்கள், அது பாடுகிறவளின் பின்மண்டையில் போய் அடிக்கும். அந்த இரைச்சலில் ஜெசிந்தா பாட்டுக்கு நடுவே அவன் பக்கம் வந்து, காதருகே குனிந்து, நாலைந்து வார்த்தை சொன்னாள். அவன் தலையாட்டினான். மேடையில் கிடார்க்காரன் எதற்கும் தலையாட்டுவான். இன்னொரு சுற்று வாசி என்றிருப்பாள் என்று நினைத்து இன்னொரு சுற்று வாசித்தான். அவள் அவனைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மைக்குக்குத் திரும்பிப் போய்ப் பாட்டை முடித்தாள். அடுத்த வாரம் பஹ்ரைனில் ஒரு ஹோட்டல் குழுவில் பாடப் போய்விட்டாள். தான் எதற்குத் தலையாட்டினோம் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. பீரோவை விற்றுவிட்டு, பக்கத்தில் நின்று ஒரு ஆள் பேசினால் காதில் விழுகிற மாதிரி ஓர் ஆம்ப் வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடியிருக்கிறான்.

இப்போது அந்த ஆம்பே உலகத்தையெல்லாம் கொண்டுவந்து கொட்டுகிறது, அவள் சத்தம் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் ஆட்களையெல்லாம் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, கூட்டம் கலைகிற நேரத்தில் அவன் குனிந்து பெடலின் குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பான். "என்ன தம்பி?" என்றால், "சும்மா பாக்குதேன்க்கா" என்பான். அவன் சும்மா பார்ப்பதைப் பார்க்க முடியாமல் நாங்கள் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வோம்.

பெடல் விஷயத்தில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருக்கிற ஞானம் சென்னைக் கிடார்க்காரர்களுக்கு இருக்குமா என்பது சந்தேகம்தான். ஓவர்டிரைவ் என்பது கம்பியின் சத்தத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டு, வால்வைச் சூடாக்கி, ஓரத்தில் லேசாகக் கரகரக்க வைக்கிற டப்பா, அவ்வளவுதான். ஆனால் டப்பாவுக்கு டப்பா குணம் வேறு. தனிஸ்லாஸிடம் முதலில் இருந்தது பச்சை. அது அடிச்சத்தத்தையும் உச்சத்தையும் குறைத்து நடுவைத் தூக்கிக் கொடுக்கும், மனிதக் குரல் இருப்பது அந்த நடுவில்தான் என்பதால் பேச்சு துல்லியமாக வரும், ஆனால் ஆள் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்று தெரியாது. "குரல் மட்டும் வந்து என்ன பிரயோசனம், தம்பி? அவிய சாப்பிட்டாவளா இல்லையான்னு தெரியணும்" என்று மெட்டில்டா அக்கா தன் தம்பியிடம் சொல்லி துபாயிலிருந்து மஞ்சளை வரவழைத்தாள். மஞ்சள் எதையும் கூட்டாது, குறைக்காது, உள்ளதை உள்ளபடி கொடுக்கும். அதில் எஞ்சின் வந்தது, காற்று வந்தது, தட்டில் கரண்டி உரசுவது வந்தது, குரல்தான் எல்லாவற்றுக்கும் அடியில் புதைந்துபோனது. பிறகு ஒருத்தி மகன் அனுப்பிய கறுப்பு வந்தது. அதில் கெயின், அதாவது சத்தத்தை முன்னால் தள்ளும் பலம், ரொம்ப அதிகம். அதை அமுக்கினால் அழுகிறவர்களும் சண்டை போடுகிறவர்களும் மட்டுமே வந்தார்கள். ஒரே ஒரு சாயங்காலம் கேட்டோம், மறுநாள் சாமியார் அதைத் துணியில் சுற்றி பூசைப்பொருள் அறையில் பூட்டிவிட்டார்.

வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஆட்கள் சேர்ந்து, ஊருக்கென்று ஐம்பது வாட்டில் ஒரு பெரிய வால்வு ஆம்பும் அனுப்பினார்கள். நாலு பேர் தூக்கி வந்தோம், மாலை போட்டோம். தனிஸ்லாஸ் தலையைச் சொறிந்தான். பெரிய பெட்டி இளகிக் கரகரக்க வேண்டுமென்றால் சத்தத்தை மண்டை உடைகிற அளவுக்கு வைக்க வேண்டும், சின்னப் பெட்டி பேசுகிற சத்தத்திலேயே இளகிவிடும் என்று அவன் முன்னமே சொன்னான், யார் கேட்டோம்? அந்த ஞாயிறு பெட்டியில் வந்தவர்கள் எல்லோரும் கத்தினார்கள். தூங்குகிறவர்கள்கூடக் கத்துவது போலத் தூங்கினார்கள். மண்டப ஓட்டிலிருந்து பறந்துபோன புறாக்கள் ஒரு வாரம் திரும்பவில்லை. பெரிய பெட்டியின்மேல் இப்போது பாடகர் குழு பாட்டுப் புத்தகங்களை அடுக்குகிறது.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஏழு பெடல்கள் வந்துவிட்டன. ஜெசிந்தா வரவில்லை. அவளுடைய அம்மா இறந்து, வீடு கைமாறி, அந்த வாசலில் இப்போது வேறு யாரோ கோழிக்கொண்டைப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். இறந்தவர்கள் கிடாரில் வருவதில்லை என்பதை நாங்கள் ஒரு விதவையின் ஆறு மாதக் காத்திருப்பில் தெரிந்துகொண்டிருந்தோம். அதனால் சூசைமரியான் ஒருநாள் கச்சேரிச் சாமான்களைக் கட்டும்போது, கண்ணைப் பார்க்காமல் கேட்டான்.

"ஏல தனிஸ், ஒருவேளை அந்தப் புள்ள இல்லாமப் போயிருந்தா?"

"இருக்கா."

"எப்படிச் சொல்லுத?"

"என் செட்டிங்தான் சரியில்ல" என்றான் தனிஸ்லாஸ். அதைச் சொன்ன விதத்தைப் பார்த்துச் சூசைமரியான் டிரம்ஸைக் கட்டுவதில் இறங்கினான்.

வழி சொன்னது மெட்டில்டா அக்காதான். ஒரு ஞாயிறு கூட்டம் தொடங்கும் முன், வால்வு சிவக்கும்வரை எல்லோரும் காத்திருந்தபோது, அவள் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று பெடல்களை மீன் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பச்சையையும் மஞ்சளையும் சேத்துப் போட்டா என்ன, தம்பி?"

"ரெண்டும் ஓவர்டிரைவ்க்கா. ஒண்ணுமேல ஒண்ணு போட்டா கலங்கிரும்."

"கூட்டிப் போட்டாக் கலங்கத்தான் செய்யும். மீன் குழம்புக்குப் புளியும் ஊத்துதோம், மாங்காயும் போடுதோம். மாங்காய் போட்டா புளியக் கொறைக்கணும், அம்புட்டுத்தான."

தனிஸ்லாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மஞ்சளை முன்னால் வைத்து, பச்சையை அதன் பின்னால் வைத்து, சின்னக் கேபிளால் இணைத்து, இரண்டிலும் கெயினைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத அளவுக்கு இறக்கினான். மூன்றாம் கம்பியைச் சுண்டி, மோதிர விரலால் அமுக்கிப் பிடித்தான்.

அவ்வளவு தெளிவாக அதற்கு முன் எதுவும் வந்ததில்லை. ஒரு கதவு திறந்தது, புத்தகப்பை தரையில் விழுந்தது, நாற்காலி இழுபட்டது, யாரோ முழங்கால் மடக்கித் தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு பெண்குரல், "இந்தக் காலக் குடு" என்றது.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தோம். அத்தனை பேருக்கும் அந்தக் குரல் தெரியும். எங்கள் ஞானஸ்நானங்களுக்கும் புதுநன்மைகளுக்கும் கல்யாணங்களுக்கும் பாடிய குரல், கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான். பஹ்ரைனில் அப்போது மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டிருக்க வேண்டும். "ஷூவுக்குள்ள எம்புட்டு மண்ணு பாரு, கடற்கரையையே அள்ளிட்டு வந்திட்டியா?" என்று அவள் கேட்க, ஒரு குழந்தை சிரித்தது. பதினாலு வருஷம் ஆகியும் அவள் எங்கள் ஊர்ப் பேச்சைத்தான் பேசினாள், குழந்தைக்கும் அதைத்தான் கொடுத்திருந்தாள்.

தனிஸ்லாஸின் முகத்தில் சந்தோஷம் வந்ததை நாங்கள் பார்த்தோம். குழந்தை சிரித்தபோது அது போகவில்லை, வேறு ஏதோவாக மாறியது. சத்தம் மெலியத் தொடங்கியதும் அவன் கம்பியை மறுபடி சுண்டினான், அவள் மறுபடி பக்கத்தில் வந்தாள். மறுபடி சுண்டினான். சுண்டிக்கொண்டே இருந்தால் ராத்திரிவரைகூட அவளை அங்கேயே வைத்திருக்கலாம், அதற்குத்தானே இரண்டு வருஷம் அலைந்தான்.

ஆனால் யாரும் கை தூக்கவில்லை. தூக்க யார் இருக்கிறார்கள்? அம்மா போய்விட்டாள், கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மெட்டில்டா அக்காவின் கை மடியிலிருந்து பாதி எழும்பி மறுபடி மடிக்கே போனது. அவள் தூக்கினால் பொய்யாகிவிடும். பார்க்கக் கூடாததைப் பார்த்ததுபோல் நாங்கள் எல்லோரும் ஒரு நொடி தனிஸ்லாஸைப் பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டோம். எல்லோர் நெஞ்சிலும் அந்தச் சீட்டிச் சத்தம்தான் ஓடியது. சாமியார் எழுந்து நின்றார்.

அவனுக்கு என்ன உரிமை? புருஷனா, அண்ணனா, மாமன் மகனா? அவள் கேட்டதற்கு ஒருதரம் தலையாட்டியவன். அதற்கும்மேல், அவனுடைய இரண்டு கைகளும் கிடாரில் இருந்தன. வலக்கையைத் தூக்கினால் கம்பியை மறுபடி சுண்ட முடியாது, இறக்கிச் சுண்டினால் உரிமை போய்விடும், சாமியார் கட்டளை அது. தூக்காமல் வாசித்துக்கொண்டே இருந்தால் அவள் இருப்பாள், ஆனால் முத்தந்துறையில் ஆளில்லாதவளாக இருப்பாள், மூன்று ஞாயிறோ நாலு ஞாயிறோ, அப்புறம் அவனுக்கும் இருக்க மாட்டாள். தூக்கினால் இப்போதே போய்விடுவாள், ஆனால் முத்தந்துறையில் ஆளுள்ளவளாகப் போவாள்.

தனிஸ்லாஸ் கம்பியைக் கடைசியாக ஒருதரம் சுண்டினான். எவ்வளவு அழுத்திச் சுண்ட முடியுமோ அவ்வளவு. பிறகு வலக்கையை, விரலிடுக்கில் கம்பி சுண்டும் பிக் இருக்க, தலைக்குமேல் தூக்கினான்.

இடக்கை மோதிர விரல் மட்டும் கம்பியில் இருந்தது. அந்த ஒற்றை விரலால் கம்பியை அசைத்து அசைத்து, சத்தத்தைச் சாக விடாமல் பிடித்திருந்தான். இரண்டு பெடல்களும் மூன்று வால்வுகளும் தங்களால் ஆனமட்டும் அதை நீட்டிக் கொடுத்தன. "மத்தக் காலக் குடு" என்றாள் ஜெசிந்தா. வாசலோரம் ஒரு கைக்குழந்தை சிணுங்கப்போக, அதன் அம்மா அதை நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். "நேரா நீட்டு" என்ற குரல் தூரத்திலிருந்து வந்தது. அப்புறம் ஷூ நாடா இழுபடும் சத்தம், அது இன்னும் தூரத்திலிருந்து. அவன் உதடு ஏதோ சொன்னது, அவள் பேராக இருக்கலாம், எங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது ஷூ கழன்றதா இல்லையா என்று தெரிவதற்குள் கம்பி ஓய்ந்துவிட்டது.

ஆம்பில் வெறும் இரைச்சல் மட்டும் மெல்ல ஓடியது. கட்டளைப்படி, சத்தம் முடிந்ததும் கையை இறக்கிவிடலாம். தனிஸ்லாஸ் இறக்கவில்லை. நாங்களும் இறக்கச் சொல்லவில்லை.